ஒரே ஒரு வாடிக்கையாளர்

வங்கிக் கிளையைத் திறந்த அன்று இரண்டு நாட்டு மந்திரிகளும் வந்து ரிப்பன் வெட்டினார்கள். இனி நம் வியாபாரம் நம் பணத்திலேயே நடக்கும், டாலருக்காக எவன் வாசலிலும் நிற்க வேண்டாம் என்று முழங்கினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். அயல்நாட்டில் அந்தக் கண்ணாடி அறையில் மேனேஜர் மட்டும் மிஞ்சினார்.

அதற்கப்புறம் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. டாலரில் கட்டினால் யாரும் கேள்வி கேட்பதில்லை, எதற்கு வம்பு என்று அந்த ஊர் வியாபாரிகள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

மேனேஜருக்கு அதில் துளியும் வருத்தமில்லை. வருஷக் கடைசிவரை ஒருவரும் வராவிட்டால் சத்தமில்லாமல் கிளையை மூடிவிட்டு ஊர் திரும்பலாம் என்று தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. நடுவில் விடுப்பில் போய் வந்ததன் பலனாக மனைவி இப்போது நிறைமாதம். மூத்தவள் பிறந்தபோது அவர் எங்கோ ஆடிட்டில் இருந்தார். இந்தத் தடவையாவது பக்கத்தில் இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

எதிர்க் கடையில் டயர் விற்பவர்தான் ஒரே பேச்சுத்துணை. மாலையானால் இரண்டு கோப்பை காப்பியோடு வந்து படியில் உட்காருவார். மழை, விலைவாசி, முழங்கால் வலி என்று பேச்சு ஓடும். வீட்டு விஷயத்தைத் தெருவில் பேசுவதில்லை என்பது மேனேஜரின் கொள்கை. அந்தக் கொள்கையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்.

வருஷம் முடிகிற தறுவாயில் ஒருநாள் டயர் கடைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே வந்தார்.

"மேனேஜர் சார், உங்க நாட்டுலேருந்து வர்ற அடுத்த லோடு டயருக்கு உங்க பணத்துலயே கட்டிடறேன். கணக்கு ஆரம்பிங்க."

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?"

"வம்புதான். கையிலேருந்து கொஞ்சம் போகும். போகட்டும். நாள் பூரா தனியா உட்கார்ந்து வாசலையே பார்த்துட்டிருக்கீங்க. எனக்கு மனசு கேட்கல சார்."

கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்தத் தேசத்திலேயே அவருக்காக மனம் பொறுக்காமல் வந்த ஒரே ஆள் எதிரே நின்றார். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பணம் போய்ச் சேர்ந்த மறுநாளே ஊரில் மந்திரி டிவியில் தோன்றி, நம் பணத்துக்கு உலகம் கதவைத் திறந்துவிட்டது என்றார். தலைமை அலுவலகம் பாராட்டி, கிளையையும் மேனேஜரையும் இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டித்தது. விடுப்பு கேட்டதற்கு, இந்த நேரத்திலா என்றார்கள்.

மனைவிக்குப் போன் போட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"டிவியில பார்த்தேன். உங்க கிளைதானே?" என்றாள் அவளே.

"ஆமா."

"பெரிய விஷயம்னாரு மந்திரி. எங்கம்மாவை வந்து கூட இருக்கச் சொல்லிடறேன்."

அன்று மாலை டயர் கடைக்காரர் காப்பியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கூட்டாளிங்ககிட்டயும் சொல்லியிருக்கேன் சார். அவங்களும் வருவாங்க. இனிமே உங்களைத் தனியா விடமாட்டோம்."

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மேனேஜர் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. நன்றி சொல்லிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.