மேல்வீட்டுத் தையல்

வாலு என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமிக்கு வீட்டுக்குள் நுழையவே பயம். பள்ளி விட்டு வரும் வழியில் கயிறு தாண்டியதில் சீருடைப் பாவாடையின் ஓரம் காலில் மாட்டி, ஒரு சாண் பிரிந்து தொங்கியது. அம்மாவோ தையல்காரி. எப்படிப் பிரிந்தது, யாரோடு ஆடினாய் என்று நோண்டி நோண்டிக் கேட்பாள். அந்த 'யாரோடு'தான் வம்பு.

சுருட்டையோடு. அவள் இரண்டு மாதம் முன்பு மேல்மாடிக்குக் குடிவந்தவள். நிறம் வேறு, முடி வேறு, வீட்டில் பேசும் மொழியும் வேறு. வகுப்பில் ஒரே பெஞ்சு, உயிருக்கு உயிரான சிநேகிதி. அம்மாவோ, "அந்த இனத்தோட நமக்கென்ன ஒட்டு? மாடிப்படி ஏறுனே, காலை ஒடிச்சிடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். சுருட்டையின் அம்மா ஒருமுறை துணியோடு வந்து நின்றபோதுகூட, மிஷினைச் சும்மா வைத்துக்கொண்டே, "நேரமில்லீங்க" என்று திருப்பி அனுப்பினாள். வாலுவுக்கு அன்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்கம்மா தச்சிக் குடுப்பாங்க, வாடி" என்று சுருட்டை கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அங்கே மிஷின் கிடையாது. ஜன்னலோரம் நிற்க வைத்து, "அசையாதம்மா" என்றபடி, வெறும் ஊசியாலேயே பத்து நிமிடத்தில் ஓரத்தை மூடிவிட்டார் சுருட்டையின் அம்மா.

சாயங்காலம் அம்மா அந்தப் பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அக்கா கவுன் தைக்கக் கொடுக்க வந்தவள், வந்த வேலையை விட்டுவிட்டு மேல்வீட்டு வம்பில் இறங்கினாள்.

"அவங்களுக்கு ஒரு சுத்தம் உண்டா, நேர்த்தி உண்டா?"

"நேர்த்தின்னா இதப் பாருங்கக்கா" என்று அம்மா பாவாடை ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். "ஊசி போன தடம் தெரியுதா? இந்தக் கை எல்லாருக்கும் வருமா?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் வாலு தப்பித்தாள். ஆனால் அன்று அம்மா தைக்க மறுத்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு சுருட்டையின் அம்மா படியேறிப் போனது கண்முன் வந்து நின்றது.

"அது நீ தச்சதில்லம்மா. மேல்வீட்டு அத்தை தச்சது. இன்னைக்குத்தான். நான் அங்க போனேன். காலை ஒடிக்கிறதுன்னா ஒடிச்சுக்கோ."

"ஐயய்யோ!" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

அம்மாவின் முகம் சிவந்தது. ஓரத்தைத் திருப்பினாள், விளக்கடியில் பிடித்தாள், நகத்தால் நெருடிப் பார்த்தாள். மனிதர்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுவாளே தவிர, தையலைப் பற்றி அவளுக்குப் பொய் வராது.

"என் கையை விட நல்லா இருக்கே" என்றாள் மெதுவாக. "எனக்கு நல்லா வேணும்."

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"அப்ப என் கவுன்?"

"நாளைக்கு வாங்கக்கா."

வாலு இரண்டிரண்டு படியாகத் தாவினாள். மேல்வீட்டுக் கதவருகே அம்மா தயங்கினாள். "ஏண்டி, என்னன்னு சொல்லுவேன்?"

"இப்பதான் நேரம் கிடைச்சதுன்னு சொல்லேன்."

கதவு திறந்தது. சுருட்டையின் அம்மா திகைத்து நின்றார்.

"அளவெடுக்க வந்தேங்க" என்றாள் அம்மா. "அன்னைக்கும் எனக்கு நேரம் இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

சுருட்டையின் அம்மா உள்ளே போய், மடித்து வைத்திருந்த அதே துணியை எடுத்து வந்தார்.