நேர்ச்சைக் கிணற்றின் கடைசி வாளி

பள்ளிவாசல்துறைக் கடலோரத்தில் இறைநேசரான ஓர் அவுலியா அடங்கியிருக்கும் ஸியாரம் உண்டு. அதன் முற்றத்துக் கிணற்றில் நேர்ந்துகொண்டவர்கள், நினைத்தது கைகூடும்வரை அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது. கைகூடிய அன்று தங்கள் கையாலேயே வாளி இழுத்து, பிஸ்மி சொல்லிக் குடிக்க வேண்டும்.

கடலுக்குப் போன மஸாஹிர் திரும்பாத கிழமையில் அவன் பெண்சாதி ஸக்கியா அப்படித்தான் நேர்ந்துகொண்டாள். படகும் வரவில்லை, ஒரு பலகையும் கரை ஒதுங்கவில்லை. வருடங்கள் போயின. ஊர் அவன் இறந்துவிட்டதாக எடுத்து, அவனுக்குக் கத்தமும் ஓதி முடித்துவிட்டது. அவள் மட்டும் வியாழன்தோறும் வந்து கிணற்றடியைக் கூட்டிவிட்டு, வாய் நனைக்காமல் திரும்பிப் போவாள்.

இன்று கிணற்றை மூடுகிறார்கள். இறால் பண்ணைகள் வந்தபின் தண்ணீர் உவர்த்துவிட்டது. பிள்ளைகள் விழுந்துவிடும் என்ற பயம் வேறு. கொங்கிரீட் மூடி போட வந்திருந்த மேசன், மஸாஹிரின் தம்பி றிப்தி.

"கடைசி வாளி, மச்சி. குடிச்சிட்டுப் போங்க," என்றான் அவன், கிணற்றடிக்கு வந்த ஸக்கியாவிடம்.

"நேர்ச்சை ஈக்கே."

"அவுலியாக்கே இண்டையோட பென்சன். இனி ஆருக்கு நேர்ச்சை?"

அவள் சிரிக்கவில்லை. அவன் வாளியை இழுத்து அவள் முன்னால் வைத்தான்.

"நானும் நேர்ந்துதான் ஈந்தேன்," என்றான் பிறகு. "மஸாஹிர் நானாக்குக் கத்தம் ஓதின அண்டைக்குக் குடிச்சிட்டேன்."

"எப்பிடி ஈந்திச்சு?"

"உப்பு. வாயில வைக்கேலா."

கலியாணத்துக்கு மறுநாள் மஸாஹிர் இழுத்து ஊற்ற, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்ததுதான் அவள் கடைசியாகக் குடித்தது. கைவழியே வழிந்து சட்டைக் கையெல்லாம் நனைந்திருந்தது.

"எனக்கு இன்னும் இனிப்புத்தான்," என்றாள்.

றிப்தி மூடிக்கான பலகை அச்சைச் சரிசெய்யத் தொடங்கினான்.

"மூடியில ஒரு வாளி போற அளவுக்கு வாய் விடுங்க, தம்பி."

"பிள்ளையள் விழுந்தா?"

"பூட்டுப் போடுங்க. தொறப்பு என்னட்டத் தாங்க."

ஆருக்கு என்று கேட்க அவன் வாயெடுத்தான், கேட்கவில்லை. சாந்து வாளியைக் கழுவி, அச்சின் நடுவில் கவிழ்த்து வைத்துவிட்டு, அதைச் சுற்றிக் கொங்கிரீட்டைக் கொட்டத் தொடங்கினான்.

அவன் இழுத்து வைத்த தண்ணீரை ஸக்கியா மணலில் ஊற்றினாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வெயில். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊற்றும்போது நனைந்த கை காய்ந்து, விரலிடுக்கில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதை வாயருகே கொண்டுபோகாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.