நாற்பத்தொன்றாம் தாள்

நாற்பத்தொன்றாம் தாளுக்கு அவள் ஏழுக்கு ஒன்று போட்டாள். பூஜ்யம் போட விதியில் இடமில்லை. இருந்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பாள்.

உளவியல் துறை, இரண்டாவது மாடி. மேஜை மேல் அறுபது தாள்கள். 'சமீபத்தில் வீட்டில் நடந்த சண்டை ஒன்றையும், அதில் நீங்கள் எடுத்த முடிவையும் எழுதுக' என்று கேட்டு வாங்கியவை. ஒவ்வொன்றிலும் எவ்வளவு விவேகம் தேறுகிறது என்று மதிப்பெண் போடுவது அவள் வேலை.

அதற்கு மூன்று கேள்விகள். எதிராளியின் பக்கத்தைப் பார்த்தாரா? இது உளவியல் பேராசிரியர் தந்தது. தனக்குத் தெரியாதது எதுவென்று தெரிந்து வைத்திருக்கிறாரா? இது தத்துவத் துறைக்காரர் ஒரு வருடம் சண்டை போட்டுச் சேர்த்தது. மூன்றாவதை ஆலோசனைக்கு அழைத்த பௌத்தத் துறவி சொன்னார்: "பிடிச்ச பிடியை விட்டாரான்னு பாருங்க." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நாற்பத்தொன்று மூன்றிலும் ஃபெயில்.

தம்பி ஒரு வருடம் கப்பல் வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். அண்ணன் தாம்தூம் என்று குதிக்கிறார். குடும்பத்தை விட்டு ஓடுகிறவன் கோழையாம். போனால் அப்புறம் வாசற்படி மிதிக்கக் கூடாதாம். கடைசி வரி: 'முடிவில் மாற்றமில்லை.'

சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினாள்: 'வெறும் மிரட்டல். ஏன் போகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.'

"இந்த மனுஷனோட எப்படித்தான் குப்பை கொட்டுறாங்களோ" என்று வாய்விட்டே சொன்னாள்.

மணி நாலு இருபது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்து வைராக்கியம். ஐந்து மணிக்கு அவள் கணவன் தியான மையத்தில் செல்போனை ஒப்படைத்துவிடுவான். தொண்ணூறு நாள் பேச்சே கிடையாது. பதினெட்டு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு இது என்ன புதுப் பைத்தியம்? "தாராளமா போங்க. திரும்பி வந்தா கதவைத் திறக்க மாட்டேன்" என்று போன மாதமே தீர்த்துச் சொல்லிவிட்டாள். காலையில் அவன் வீட்டுச் சாவியைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். சாவி இப்போது அவள் கைப்பையில்.

கதவு தடாலென்று திறந்தது. டைப்பிஸ்ட் அக்கா, மூச்சிரைக்க.

"ஏம்மா, நாப்பத்தொண்ணைத் தொட்டுட்டியா?"

"தொட்டு, ஒண்ணும் போட்டாச்சு. ஏங்க்கா?"

"போச்சு! கட்டு மாறி வந்துடுச்சு. மதிப்பெண் போடுற நீங்களும் போன மாசம் ஆளுக்கு ஒண்ணு எழுதிக் குடுத்தீங்கல்ல? அதுல உன்னோடது இது. உன்கிட்டயே வரக் கூடாது."

"என்னோடதா? நான் எங்கே கப்பலைப் பத்தி எழுதினேன்?"

"ஆள் அடையாளம் தெரியாம மாத்தி அடிக்கச் சொன்னாரு பேராசிரியர். 'நான்' எல்லாம் 'அவர்'. நீ அண்ணனாயிட்டே, புருஷன் தம்பியாயிட்டான். தியானத்துக்கு என்ன போடுறதுன்னு தெரியாம கப்பல்னு போட்டேன், தொண்ணூறு நாளை ஒரு வருஷமாக்கினேன்." அக்கா ஓரத்துச் சிவப்பைப் படித்தாள். உதட்டைக் கடித்தாள். "ரொம்பத்தான் கண்டிப்பு நீ."

அவள் போனை எடுத்தாள்.

முதல் தடவை அவன் எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மணி நாலு இருபத்தேழு. மூன்றாம் தடவை எடுத்தான்.

"சொல்லு. வரிசையில நிக்கிறேன். எனக்கு முன்னாடி நாலு பேரு."

"ஏன் போறீங்க?"

"மறுபடியும் ஆரம்பிக்காதே..."

"சண்டைக்கு இல்லைங்க. நிஜமாவே கேட்கிறேன். ஏன்?"



"சரியாத் தெரியலை. வண்டியை அணைச்ச பிறகும் காதுக்குள்ள சைரன் கேட்டுக்கிட்டே இருக்கு. தூங்குறப்பவும். டாக்டர் காதுல ஒண்ணும் இல்லைங்கிறாரு. சும்மா உட்கார்ந்தா நிக்குமான்னு பார்க்கணும். நிக்காமலும் போகலாம்."

பதினெட்டு வருடம் ஒரே தலையணை. அவளுக்கு இது தெரியாது.

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ கேட்கலையே."

கைப்பையைத் தோளில் மாட்டினாள். நாற்பத்தொன்றை அக்கா கையில் திணித்தாள். மதிப்பெண்ணை அடித்துத் திருத்தவில்லை.

"பின்னாடி நிக்கிறவங்களை முன்னாடி விடுங்க" என்றாள் படியில் இறங்கிக்கொண்டே. "ஆட்டோ பிடிச்சு வரேன். சாவியை வச்சுட்டுப் போயிட்டீங்க."