பூசி மறைத்த கல்

லட்சுமியம்மாள் சத்திரத்தை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது சவுரியம்மாளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேஸ்திரி முருகையன் சேரிக்கு வந்து ஆள் கேட்டபோது முதலில் பெயர் கொடுத்தவளும் அவள்தான்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அந்தச் சத்திரம். நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கட்டடம். கருங்கல் தூண்கள், தேக்கு உத்திரங்கள், நடுவில் முற்றம். பஸ்ஸும் ரயிலும் வந்தபின் கால்நடையாக வருகிறவர்கள் குறைந்து, கடைசியில் தர்மகர்த்தா கோதண்டபாணி அதை இழுத்துப் பூட்டிவிட்டார். பூட்டி ஆறு வருஷம். மாடியில் அரசங்கன்று முளைத்தது. சன்னல் கதவுகளை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். யாரும் கேட்கவில்லை.

பூட்டுவதற்கு முன்பு, ஒரு ஐப்பசி மழையில், காய்ச்சல் கண்ட மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சவுரியம்மாள் கூட்டேரிப்பட்டுப் பக்கமிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். மழை வலுத்தது. சத்திரத்து வாசலில் ஒதுங்கக் காலெடுத்து வைத்தவளைக் காவல்காரன் தடியைக் குறுக்கே நீட்டி நிறுத்தினான். உங்கள் ஆட்களுக்கு இங்கே இடமில்லை என்றான். எதிரே இருந்த புளியமரத்தடியில் புடவைத் தலைப்பால் பிள்ளையை மூடிக்கொண்டு நின்றாள். மழை விட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளை விறைத்துப்போயிருந்தது.

அதனால் 1939-ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் காலை, பாரையும் கூடையுமாகச் சத்திரத்துக்குள் நுழைந்தபோது, அவள் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கட்டடத்தை மண்ணாக்கிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அது மண்ணாகிற வழியைக் காணோம். பின்கட்டுச் சமையலறையில் ஆரம்பித்தார்கள். கடப்பாரை பட்ட இடத்தில் பொறி பறந்தது. ஒரு சுவரைச் சாய்க்க ஆறு ஆம்பளைகளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. சவுரியம்மாள் பதினைந்து வயதிலிருந்து சுண்ணாம்பு அரைத்தவள், சாந்து குழைத்தவள். உடைந்து விழுந்த கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கட்டடம் இன்றைக்கோ நாளைக்கோ சாலையில் போகிறவர்கள் தலையில் விழுந்துவிடும் என்று ஒரு ஓவர்சியர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதனால்தான் இடிக்கிறோம் என்று முருகையன் சொல்லியிருந்தான்.

"விழப்போற சுவராங்க இது, மேஸ்திரி? கடப்பாரை முனைதான் மழுங்கிப் போவுது" என்றாள்.

"உன்னை இன்னா ஓவர்சியரா வெச்சிருக்குது? ஜல்தி கூடையத் தூக்கு."

இடித்த கல்லெல்லாம் எங்கே போகிறது என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. கோதண்டபாணி ரயிலடிக்குப் பக்கத்தில் புதிதாக நெல் மில் கட்டிக்கொண்டிருந்தார். வண்டிகள் அங்கேதான் போயின.  சவுரியம்மாளுக்குச் சத்திரத்தின்மேல் இருந்த கோபம் போகவில்லை. அதற்குள்ளேயே இன்னொரு கோபம் முளைத்தது. லட்சுமியம்மாள் என்று ஒரு பொம்பளை ஊருக்கென்று எழுதி வைத்துவிட்டுப் போனதை, காவல் காக்க வேண்டிய தர்மகர்த்தாவே பொய்க் காகிதம் வாங்கித் தின்கிறான்.

மூன்றாம் நாள் வாசல் சுவரைக் கொத்தச் சொன்னார்கள். சவுரியம்மாளும் அவள் கூட்டாளி அம்சாவும் ஆளுக்கொரு பக்கம் கொத்தினார்கள். உள்ளே நுழையும்போது இடது கைப்பக்கம், நெஞ்சு உயரத்தில், ஒரு பாய் அகலத்துக்குப் பூச்சு வேறு மாதிரி இருந்தது. மற்ற இடமெல்லாம் முட்டை ஓடு போல வழுவழுப்பு. இங்கே மட்டும் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பு. தட்டினால் சத்தமும் வேறு. உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கறுப்புக் கல். கல் முழுக்க எழுத்து.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. மத்தியானம் கஞ்சி குடிக்க விட்டபோது அம்சாவைக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டு, மாதா கோயில் பள்ளிக்கூடத்துக்கு ஓடி ராஜாமணி வாத்தியாரைக் கையோடு அழைத்து வந்தாள். அவர் மேல்துண்டால் கல்லைத் துடைத்து, விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

லட்சுமியம்மாள் தன் சொந்த நிலத்தில் கட்டிவைத்த சத்திரம். இந்த வழியில் வரும் சகல சாதி வழிப்போக்கருக்கும், இன்னார் இனியார் என்று பாராமல், தண்ணீரும் கஞ்சியும் தங்க நிழலும் கொடுத்து வர வேண்டியது. இந்தத் தர்மத்துக்குக் கெடுதல் செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்.

சவுரியம்மாள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். சகல சாதி என்ற இடம் எது என்று கேட்டு அதன்மேல் கை வைத்துப் பார்த்தாள். குனிந்து நெற்றியைக் கல்லில் வைத்தாள். அழுகை என்று அம்சா நினைத்துக்கொண்டு தோளைப் பிடித்தாள். அது அழுகை இல்லை.

விஷயம் முருகையன் காதுக்குப் போய், அவன் கோதண்டபாணிக்குச் சொல்லி அனுப்ப, அரை மணி நேரத்தில் அவர் வில்வண்டியில் வந்து இறங்கினார். கல்லைப் பார்த்தார்.  முதலில் அந்தக் கல்லை உடைத்துச் சல்லியாக்கு என்று முருகையனிடம் சொன்னார். முருகையன் சம்மட்டியை எடுத்தான். சவுரியம்மாள் கல்லுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள்.

எழுந்திரு, நாளையிலிருந்து உனக்கு இந்த ஊரில் எங்கேயும் வேலை கிடையாது என்றான் மேஸ்திரி. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. கோதண்டபாணியைப் பார்த்துத்தான் பேசினாள். எப்போதும் சாமி என்று கூப்பிடுகிறவள் அன்றைக்கு ஐயா என்றாள்.

"எங்களுக்கும் சேத்துக் கட்டினதுன்னு கல்லு சொல்லுதுங்க ஐயா. எம் பொண்ணு அதோ அந்தப் புளிய மரத்தாண்ட நனைஞ்சு செத்தா. இந்த எழுத்த மூடி வெச்சுக்கினு, உங்களுக்கு இல்லேன்னு எங்களைத் தொரத்தினீங்க. இப்ப கல்லையும் ஒடச்சுட்டா கேக்க ஆளிருக்காதுன்னு பாக்கறீங்க. நான் இருக்கறேன்."

அம்சா கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மற்றப் பெண்கள் வந்தார்கள். ஆம்பளைகள் கொஞ்ச நேரம் தயங்கினார்கள். அப்புறம் கடப்பாரைகளைச் சுவரில் சாத்தினார்கள். சாலையில் போன வண்டிக்காரர்கள் இறங்கி வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததும் கோதண்டபாணி வண்டியேறிப் போய்விட்டார்.

ராஜாமணி வாத்தியார் கல்லில் இருந்ததை வரி விடாமல் எழுதி, சப் கலெக்டருக்கு மனுப் போட்டார். துரை வந்து பார்க்க ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் பெண்கள் முறை வைத்து வாசலில் உட்கார்ந்தார்கள். வேலை இல்லை, கூலி இல்லை. கேப்பைக்கூழும் வேர்க்கடலையும், நெசவுத் தெருவிலிருந்து ஒரு குடும்பம் அனுப்பிய மோரும்தான் ஆகாரம். நாலாம் நாள் விடிகாலையில் முருகையன் வேறு ஊர் ஆட்களோடு பின்பக்கமாக வந்து, முற்றத்துத் தூண்களில் இரண்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டான். மேலே இருந்த தாழ்வாரம் சரிந்தது. வாசலில் இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்டு ஓடுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. சவுரியம்மாள் ரயிலடி வரைக்கும் அதன் பின்னாலேயே ஓடினாள். மில் கேட்டை மூடிவிட்டார்கள்.

சப் கலெக்டர் வெள்ளைக்காரர். தமிழ் கொஞ்சம் புரியும். ஓவர்சியர் காகிதத்தையும் படித்தார், சுவரையும் தன் கைத்தடியால் இடித்துப் பார்த்தார். கல்லை யார் பூசி மறைத்தது என்று கேட்டார். அதெல்லாம் என் பாட்டனார் காலத்துச் சமாசாரம், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார் கோதண்டபாணி. கூட நின்ற பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள்.

சவுரியம்மாள் மடியிலிருந்து ஒரு பூச்சுத் துண்டை எடுத்து நீட்டினாள். கல்லை மூடியிருந்த பூச்சிலிருந்து பெயர்ந்தது.

"இது சிமிட்டிங்க, துரை. சுண்ணாம்பு இல்லே. ஐயாவோட பாட்டனார் காலத்துல இந்த ஊர்ல சிமிட்டி ஏதுங்க?"

சிமெண்டு என்று அவள் சொன்னதைக் குமாஸ்தா இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். துரை துண்டை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் கோதண்டபாணியை வெகுநேரம் பார்த்தார். தர்மகர்த்தா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

இடிப்பதை நிறுத்தச் சொல்லி அங்கேயே உத்தரவாயிற்று. தர்மகர்த்தா தன் செலவில் பழுது பார்த்து மூன்று மாதத்துக்குள் சத்திரத்தைத் திறக்க வேண்டும். பொது இடங்களில் யாரையும் தடுக்கக் கூடாது என்று போன வருஷம்தான் சட்டம் வந்திருந்தது. அதையும் உத்தரவில் சேர்த்துவிட்டார்கள். முருகையன் சவுரியம்மாளை வேலைக்கு வைக்க மாட்டேன் என்றான். விழுப்புரத்திலிருந்து வந்த வேறொரு மேஸ்திரி வைத்துக்கொண்டார். சுவருக்குச் சாந்து குழைத்தவள் அவள்தான். சிமெண்டு சேர்க்க விடவில்லை.

ஆனி மாதம் சத்திரம் திறந்தது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். சேரி ஜனங்கள் உள்ளே போனால், கூடத்தின் நடுவில் மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் சமுக்காளம், செம்புக் குடம். அந்தப் பக்கம் வெறுந்தரை, மண்சட்டி. கோதண்டபாணியின் கணக்கப்பிள்ளை கையைக் காட்டினார்.

"ஒங்க ஆளுங்க அந்தாண்ட போங்க. ஒரே கூரைதானே, இன்னும் இன்னா பேஜாரு?"

 சவுரியம்மாள் தட்டியின் கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கணக்கப்பிள்ளை கத்தினார். சமுக்காளத்தில் இருந்த நாலு பேர் எழுந்து வெளியே போனார்கள். இரண்டு பேர் போகவில்லை, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். தட்டியைச் சுருட்டி முற்றத்தில் போட்டுவிட்டு, செம்புக் குடத்திலிருந்து ஒரு குவளை மொண்டு அம்சாவுக்குக் கொடுத்தாள். தானும் குடித்தாள். கணக்கப்பிள்ளை போலீஸுக்கு ஆள் அனுப்பினார். வந்த ஏட்டு சப் கலெக்டர் உத்தரவை வாங்கிப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

முற்றத்தில் அந்த இரண்டு தூண்கள் இருந்த இடத்தில் பனங்கட்டைகளை நட்டிருந்தார்கள். நெல் மில்லின் முகப்பில் கருங்கல் தூண்கள் நின்றன. எண்ணெய் போட்டுத் துடைத்து, மாவிலை வேறு கட்டியிருந்தது. ஒவ்வொரு முறை ரயிலடிப் பக்கம் போகும்போதும் சவுரியம்மாள் கேட்டுக்கு வெளியே நின்று அவற்றை முறைத்துவிட்டுப் போவாள். அந்தத் தூண்களைத் திருப்பிக் கேட்டு வாத்தியார் மூலமாக மனுப் போட்டாள். பதில் இல்லை. யுத்தம் வந்துவிட்டது, இப்போது யாரும் இதைப் பார்க்க மாட்டார்கள் என்று வாத்தியார் சொன்னார்.

"பாக்கற வரிக்கும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த மனுவுக்குக் கட்டைவிரலை நீட்டினாள்.