ஏரம்பரை வெளியில் போட்ட சபாநாயகர்

பத்தாம் வாய்க்கால் குடியேற்றத்தில் ஏரம்பரின் வாயை அடைத்தவர் எவரும் இல்லை. அரசாங்கக் காரியாதிகாரி முயன்று பார்த்தார், முடியவில்லை. நீர்ப்பாசனப் பகுதி எஞ்சினியர் ஒருவர் மேசையில் ஓங்கி அடித்துக் கை நொந்ததுதான் மிச்சம். போகத்துக்குப் போகம் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஏரம்பர் பேச எழுந்தால், மற்றவர்கள் வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர் திரும்பத் தன் இடத்தில் அமரும்போது பொழுது சாய்ந்திருக்கும். கூட்டம் ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்து போகும்.

அப்படிப்பட்டவரின் மூத்த மகள் கமலாசனியைத்தான் மாணவர் பாராளுமன்றத்துக்குச் சபாநாயகராகப் பிள்ளைகள் தெரிவு செய்தார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கதிர் முற்றும் காலத்தில் வயலில் கிளி கலைத்துக் கலைத்து அவளுக்குத் தொண்டை நன்றாக விளைந்திருந்தது. "சட்டியில இருக்கிறதுதானே அகப்பையில வரும்" என்று யோகநாதன் வாத்தியாரும் சிரித்தபடி ஒத்துக்கொண்டார்.

வாத்தியார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளந்தாரி. கொழும்பில் ஒருமுறை பார்வையாளர் மாடத்தில் இருந்து பாராளுமன்றத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. "ஊரை ஆளுறது புத்தகம் படிச்சு வராது, ஆண்டு பாத்தால்தான் வரும்" என்பார். ஆண்டு பார்க்கத்தான் எட்டாம் வகுப்பு அரசாங்கமாகவும் எதிர்க்கட்சியாகவும் பிரிந்தது. இரண்டு பழைய குடைகளின் சீலையைப் பிரித்துத் தைத்துச் சபாநாயகருக்குக் கறுப்பு அங்கி வந்தது. மண்வெட்டிப் பிடியொன்றில் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றியதும் செங்கோல் வந்தது. அதைத் தூக்கிவரவும், சபாநாயகர் போகச் சொன்னவரை வெளியே கூட்டிப்போகவும் படைக்கலச் சேவிதர் என்று ஒருவர் வேண்டுமாம். அந்தப் பதவி ஆறாம் வகுப்பிலேயே கட்டையான விமலேஸ்வரிக்குக் கிடைத்தது.

கமலாசனி விதிகளைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினாள். சபாநாயகர் மணியடித்தால் எல்லோரும் தங்கள் இடத்தில் இருக்க வேண்டும். அனுமதி பெறாமல் எவரும் பேசக் கூடாது. பார்க்க வருகிறவர்கள் வாயே திறக்கக் கூடாது.

அவள் இத்தனை கவனம் எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. குடியேற்றப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிப்பதென்றால் கிளிநொச்சிக்கு பஸ்ஸில் போய்வர வேண்டும். அந்தப் பெரிய பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில் தகப்பனின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை கடைசி நாள். இரண்டு கிழமைக்கு முன்பு கேட்டபோது ஏரம்பர், "பாப்பம்" என்றார். அந்த வீட்டில் "பாப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம். "அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வந்தா வாசிக்க, மனு எழுத, கூட்டத்துக்குப் போகேக்க குறிப்புப் பாத்துச் சொல்ல, எனக்குப் பக்கத்தில எழுத்துத் தெரிஞ்ச ஆள் வேணுமடி. எட்டாம் வகுப்புத் தாராளம்" என்று தாயிடம் அவர் சொன்னதையும் கமலாசனி குசினிக்குள் இருந்து கேட்டிருந்தாள்.

பாராளுமன்றம் வெள்ளிக்கிழமை பின்னேரம். உயர்ந்த கதிரையில் மகள் வீற்றிருப்பதைக் கண்டால் அப்புவுக்கு நெஞ்சு பூரிக்கும், அந்தச் சூட்டோடு சூடாகக் கடுதாசியை நீட்டிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் ஏரம்பருக்கு வாய் என்று ஒன்று இருப்பதை அந்தக் கணக்கில் அவள் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மண்டபம் நிறைந்து, அரைச்சுவருக்கு வெளியேயும் சனம் நின்றது. ஏரம்பர் வெளுத்த வேட்டியும் சால்வையுமாக முன் வரிசை வாங்கில் நடுவில் இருந்தார். செங்கோல் முன்னே வர, குடைச்சீலை அங்கி தரையில் இழுபட, கமலாசனி வந்து கதிரையில் ஏறியபோது அவர் பக்கத்திலிருந்தவரின் தொடையில் தட்டினார். "என்ர பெட்டை!" அது வாசல்வரை கேட்டது. கமலாசனிக்கு வெட்கமும் பெருமையுமாக முகம் சூடாகியது.

நீர்ப்பாசன மந்திரி பாலன் எழுந்து மசோதாவை வாசித்தான். "கனம் சபாநாயகர் அவர்களே, இரணைமடுக் குளத்தில் இம்முறை அரைக்குளத் தண்ணீர்தான் நிற்கிறது. எல்லாக் காணிக்கும் தண்ணீர் பாயாது. ஆகையால் வாய்க்கால் தொடங்கும் இடத்துக் காணிகளில் மட்டும் சிறுபோகம் விதைத்து, அந்தக் காணிகளை அந்த ஒரு போகத்துக்குக் குடியேற்றத்தில் உள்ள எல்லோருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும்."

வாத்தியார் பாவம், விவாதத்துக்குத் தலைப்பு நன்றாகத்தான் தேடிக் கொடுத்திருந்தார். ஆனால் உண்மையான பயிர்ச்செய்கைக் கூட்டம் அடுத்த கிழமை. ஊர் முழுக்க அந்த ஒரே கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு விதானையார் ஒரு மூலையில் இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வேண்டிய ஆட்களின் பெயர்களை அவர் எழுதினார் என்பது பிறகுதான் தெரிந்தது. அரசாங்க ஆள், கையில் கொப்பி, முன்னால் மசோதா: இதற்குமேல் சனத்துக்கு என்ன வேண்டும்?

"விதானையார் பதியிறார்!" என்று யாரோ சொன்னார்கள். மண்டபம் குசுகுசுத்தது. விளையாட்டுப் பாராளுமன்றம் அந்த நிமிடத்தோடு விளையாட்டாக இல்லாமல் போயிற்று.

வாய்க்கால் தொடங்கும் இடத்து முதற் காணி ஏரம்பருடையது. அவர் சால்வையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஆருடைய காணியை ஆர் பங்கிடுறது? காடு வெட்டினவன் நான்! ஆனைக்குக் காவல் முழிச்சவன் நான்!"

"தண்ணி உங்கட வீட்டுச் சொத்தோ?" என்று பின் வாங்கில் பாலனின் தகப்பன் ஐயாத்துரை எழுந்தார். அவருடைய காணி வாய்க்காலின் கடைசியில் இருந்தது.

கமலாசனி மணியை அடித்தாள். "பார்வையாளர்கள் அமைதியா இருக்க வேணும். இரண்டு பேரும் இருங்கோ."

ஐயாத்துரை நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். ஏரம்பருக்கு மணிச்சத்தம் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. எட்டு வருடத்துக்கு முன்பு லொறியில் வந்து இறங்கிய கதையில் அவர் அப்போதுதான் கால் வைத்திருந்தார். அது முடிய ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்று ஊருக்கே தெரியும்.

மந்திரி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். எதிர்க்கட்சித் தலைவி இராசேஸ்வரி வேண்டுமென்றே பெரிதாகக் கொட்டாவி விட்டாள். பிறகு எல்லோரும் ஒரேயடியாகக் கதிரையைப் பார்த்தார்கள். கமலாசனி கணக்குப் பார்த்தாள். இவரை விட்டால் பாராளுமன்றம் கெட்டது. நிறுத்தினால் கையெழுத்துப் போனது, படிப்பும் போனது. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான்.

மறுபடியும் மணி அடித்தாள். "கடைசித் தரமா சொல்லுறன். இருங்கோ."

"நீ சும்மா இரு பிள்ளை, பெரிய ஆக்கள் கதைக்கேக்க!"

எதிர்க்கட்சிப் பக்கம் களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பு கமலாசனிக்குச் சுள்ளென்று பட்டது. அவள் எழுந்தாள். கிளி கலைக்கும் குரல் தானாக வந்தது.

"முன் வாங்கில் இருக்கும் ஏரம்பர் அவர்கள் சபையின் கட்டளைக்குப் பணியாதபடியால், அவரை வெளியேற்றும்படி உத்தரவிடுகிறேன்!"

வாத்தியார் பதறிப் பாதி எழும்பினார். "பிள்ளை, பெரியவர்தானே, இரண்டு வார்த்தை..."

"சேர், நீங்களும் இருங்கோ. சபைக்கு நீங்களும் பார்வையாளர்தான்."

வாத்தியார் அப்படியே இருந்துவிட்டார். மண்வெட்டிப் பிடியைத் தோளில் சாத்திக்கொண்டு விமலேஸ்வரி நடந்து போய் ஏரம்பரின் முன்னால் நின்றாள். அவரின் இடுப்புக்குத்தான் இருந்தாள். அண்ணாந்து பார்த்து, "வாங்கோ மாமா, போவம்" என்றாள்.

காரியாதிகாரிக்கு மசியாத மனிதர் அந்தக் குஞ்சுக்கு என்ன சொல்வார்? சால்வையைத் தோளில் எறிந்துகொண்டு, ஒருவரையும் பாராமல் அவளுக்குப் பின்னால் போனார். கமலாசனிக்குக் கண் கலங்கிற்று. கதிரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "கனம் நீர்ப்பாசன மந்திரி தொடரலாம்" என்றாள்.

விவாதம் தொடர்ந்தது. இராசேஸ்வரி மந்திரியைக் கேள்வியால் துளைத்தாள். பாலன் திக்கித் திக்கி என்றாலும் விடாமல் மறுமொழி சொன்னான். வயது வந்தவர்கள் எட்டு வருடமாகப் பேசி முடிக்காததை அந்தப் பிள்ளைகள் முக்கால் மணித்தியாலத்தில் பேசி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்போதுதான் கமலாசனி அதைக் கண்டாள். அரைச்சுவருக்கு வெளியே, வெயிலில், ஏரம்பர் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். பேசவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாரோ, உயர்த்திய கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

அவள் விதிக் கொப்பியை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தாள். இப்படி ஒன்றுக்கு அதில் இடமில்லை. சபை விரும்பினால்?

"வெளியில நிக்கிறவர் அனுமதி கேக்கிறார். அவர் சொல்லுறதைக் கேக்கச் சபை விரும்புதோ?"

"ஓம்!" என்று இரண்டு பக்கமும் கத்தியது. எல்லோரிலும் பலமாகக் கத்தியவன் பாலன்.

"இரண்டு நிமிசம்" என்றாள் சபாநாயகர்.

ஏரம்பர் தொண்டையைச் செருமினார். "கனம் சபாநாயகர் அவர்களே," என்று தொடங்கியதுமே மண்டபம் கைதட்டியது. "போன முறை தண்ணி குறைஞ்ச நேரமும் கேட்ட ஆக்களுக்குப் பங்கு எண்டு குடுத்தனான். குடுக்கிறதில எனக்கு வில்லங்கம் இல்லை. விதைச்ச ஆக்கள் வெட்டிக்கொண்டு போயிட்டினம். உடைஞ்ச வரம்பெல்லாம் என்ர தலையில. மாரியில காலபோகம் துவங்க முன்னம் தனிய நிண்டு நானும் மனிசியும் ஒரு மாசம் வரம்பு கட்டினனாங்கள். அதைத்தான் நான் ஒவ்வொரு கூட்டத்திலயும் சொல்ல வாறனான், ஆனா அதுக்கு முன்னம் அந்த லொறி..."

மணி அடித்தது. ஏரம்பர் வசனத்தின் நடுவில் நிறுத்தினார். உண்மையாகவே நிறுத்தினார். பின் வாங்கில் ஒருவர் கையிலிருந்த பாக்குவெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

இத்தனை கூட்டங்களிலும் அந்த மனிதரின் குறை இதுதான் என்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. லொறியைத் தாண்டி அவரும் வந்ததில்லை, பொறுத்திருந்து கேட்டவர்களும் இல்லை. இராசேஸ்வரி எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தாள்: பங்குக் காணியில் விதைப்பவர், அறுவடை முடிந்ததும் வரம்பைக் கட்டிக் கொடுத்த பிறகே காணியை விட வேண்டும். மந்திரி ஏற்றுக்கொண்டான். மசோதா ஒருமனதாக நிறைவேறியது. "அடுத்த கிழமை கூட்டத்திலயும் இதையே வைப்பம்" என்று ஐயாத்துரை எழுந்து சொல்லிவிட்டு, கதிரையைப் பார்த்துப் பயந்து டக்கென்று இருந்தார். மண்டபமே சிரித்தது. கமலாசனியும் சிரித்தாள்.

சிரிப்பெல்லாம் பள்ளிக்கூடப் படலையோடு சரி. வாய்க்கால் கரையால் ஏரம்பர் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னே போனார். கமலாசனி பத்து முழம் பின்னால் நடந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. எனக்கு இந்தச் சபாநாயகர் வேலை என்னத்துக்கு என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

எதிரே பரமலிங்கம் மாட்டுவண்டியில் வந்தார். "என்ன ஏரம்பண்ணை, பெட்டை உன்னைத் தூக்கி வெளியில போட்டிட்டாளாமே!"

"ஓம், போட்டவள்தான்!" என்றார் ஏரம்பர். "உன்ர வீட்டில ஒண்டு இருந்தாக் காட்டு பாப்பம், ஏரம்பனை இருத்தக்கூடியது!"

வண்டி போய்விட்டது. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு அவள் வந்து சேரும்வரை நின்றார்.

"திங்கட்கிழமையெல்லோ கடைசி நாள்?"

"ஓம் அப்பு."

"கடுதாசி எங்க?"

"வீட்டில." அவள் சைக்கிள் காரியரைப் பிடித்துக்கொண்டாள். "அப்பு, கோவமில்லையோ?"

"ஏன் இல்லை? ஊருக்கு முன்னால தேப்பனை வெளியில போட்டவள் நீ." பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. "என்ர பக்கத்தில நிக்கத்தான் பிள்ளை உன்னை வீட்டில வைச்சிருக்க நினைச்சனான். என்ர பக்கம் கதைக்க நான் ஒருத்தன் போதும். ஒருத்தரின்ர பக்கமும் சாயாமல் நிக்க இந்த வாய்க்காலில இவ்வளவு காலமும் ஒரு ஆள் இருக்கேல்லை. அதுக்கு எட்டாம் வகுப்புப் போதாது."