பட்டிக்கு வந்த ஒறம்பரை

அன்று ஆட்டுப்பட்டியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாதவர்களையெல்லாம் ஆளாளுக்குச் சேர்த்துப் பேசுகிறார்கள். பட்டிக்காரர் ராக்கியண்ணன் இருந்தார். அவர் மனைவி பாவாத்தாள் இருந்தாள். தாய் செத்துப்போய், பாவாத்தாள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த நோஞ்சான் குட்டி ஒன்று இருந்தது. ஒறம்பரையாக வந்த விருந்தாளி ஒருவர் இருந்தார். வேலிக்கு வெளியே கால்நடை டாக்டர் மேகலை, ஐஸ் பெட்டியும் கையுமாக. பக்கத்துக் காட்டுச் சென்னியப்பன் வரவில்லை. காதை மட்டும் அனுப்பியிருந்தார். அது கிளுவை வேலியின் முள்ளில் தொங்கியது. மற்றபடி செத்தவை இருந்தன. அவை கணக்கில் சேராதவை.

அந்த ஒறம்பரை ஆண்டுதோறும் வருகிறவர்தான். முதல் மழை பெய்து, கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் துளிர்விட்டதும் வந்துவிடுவார். சலவை வேட்டி கட்டியிருப்பார். சேற்றில் நடந்து வந்தாலும் பாதத்தில் சேறு இருக்காது. எந்த வகையில் உறவு என்று யாரும் கேட்டதில்லை. வீடு தேடி வந்தவரிடம் அதைக் கேட்பது மரியாதையும் இல்லை. ராக்கியண்ணனின் அப்பா காலத்திலிருந்தே வருகிறார். அவருக்கு வயது மட்டும் கூடவில்லை.

வந்தவருக்குப் பட்டியிலேயே உசத்தியான உருப்படியைப் பட்டிக்காரர் தன் கையால் காட்ட வேண்டும். இது வழிவழியாக வந்த முறை. மட்டமானதைக் காட்டிய வீட்டில் எவனும் பெண் எடுக்கமாட்டான். ராக்கியண்ணன் கையை நீட்டிக் காட்டுவார். ஒறம்பரை ஒரு பார்வை பார்ப்பார். குட்டி ஒரு துள்ளுத் துள்ளும். விழும். கழுத்து முதுகுப் பக்கம் வளையும். கால்கள் தண்ணீரில் நீந்துவதுபோல் அடித்துக்கொள்ளும். பிறகு எழுந்து, வேலியோரம் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும்.

ஒவ்வொன்று உட்காரும்போதும் வேலி அதற்கு இடம் விட்டுக் கொஞ்சம் நீளும்.

"என்னங்க, சீக்குங்களா?" என்று கேட்பவர்களுக்கு ராக்கியண்ணன் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "எங்க பட்டியில சீக்கு வந்ததில்ல. துள்ளுச்சு. அவ்வளவுதான்."

இந்த ஆண்டு ஒறம்பரைக்குப் பசி அதிகம். விடிந்ததிலிருந்து ராக்கியண்ணன் காட்டிக்கொண்டே இருந்தார். கொழுத்த குட்டிகள் முதலில் போயின. பிறகு கிடாய்கள். பிறகு தாயாடுகள். உச்சிவெயில் வந்தபோது பட்டி முழுக்க முதுகுகளாக இருந்தது.

வேலிக்கு வெளியே டாக்டர் மேகலை நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தாள். பட்டியின் வாசலில் சாத்திய படல் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்டுக்குத் தெரியும், நாய்க்குத் தெரியும், ஒறம்பரைக்கும் தெரியும். டாக்டருக்கு மட்டும் பட்டிக்காரர் வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும்.

"ஏனுங்க, படல் எங்கீங்க?"

"இருக்கற எடத்துல இருக்குது."

"'எங்க பட்டியில சீக்கு'ன்னு ஒரு வார்த்த சொல்லீட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுருமுங்க."

"தெரிஞ்சு ஒண்ணும் ஆகவேண்டாம்."

"இது துள்ளுமாரிங்க. மழைக்கு முன்னாடியே ஊசி போட்டிருக்கோணும். அப்பவும் வந்தேன், அப்பவும் படலக் காணோம். எளம்புல்ல வயிறு முட்ட மேஞ்ச கொழுத்த உருப்படிக்குத்தானுங்க இது வரும். தின்னது உள்ளுக்குள்ளயே வெசமாயிரும்."

ராக்கியண்ணனுக்கு அந்தப் பேச்சில் ஒன்று மட்டும் பிடித்திருந்தது. முள்ளில் தொங்கிய காதின் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார். "கேட்டுக்கோ. கொழுத்த உருப்படிக்குத்தானாம்."

காது சிவந்தது.

சென்னியப்பனின் ஆடுகளுக்கு விலா எலும்பு தெரியும். மூக்கு ஒழுகும். ஆனால் உயிரோடு இருந்தன. சென்னியப்பன் கூச்சமில்லாமல் எதற்கெடுத்தாலும் சீக்கு சீக்கு என்று சொல்லிச் சொல்லி, அவர் வேலி முழுக்கப் படலாகிப் போயிருந்தது. எந்தப் பக்கம் தள்ளினாலும் திறக்கும். அப்படி ஒரு வேலி இருப்பதற்கு இல்லாமலே இருக்கலாம் என்பது ராக்கியண்ணனின் எண்ணம்.

"மச்சா," என்றார் ஒறம்பரை. "பசி அடங்கல."

பாவாத்தாள் நோஞ்சான் குட்டியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "தின்னுந்தின்னும் அடங்காத வயித்த நா எங்கியும் கண்டதில்ல. உங்களுக்கு எந்த ஊருங்க?"

"மழ பேஞ்ச ஊரெல்லாம் நம்மூருதான், தங்கச்சி."

"நா ஒண்ணும் உனக்குத் தங்கச்சி இல்ல. எந்திரிச்சுப் போ."

"பாவாத்தா," என்றார் ராக்கியண்ணன். "வந்தவிய கிட்ட என்ன பேச்சு அது?"

அவள் அவரை விட்டுவிட்டு வேலியைப் பார்த்துக் கத்தினாள். "டாக்டரம்மா! எங்க பட்டியில சீக்கு! நா சொல்றேன், சீக்கு! வாங்க!"

வெளியே டாக்டர் வேலியைத் தடவிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "கேக்குதுங்க்கா. படல்தான் வரமாட்டீங்குது. பட்டிக்காரரு சொன்னாத்தான் செல்லுமுங்க."

பாவாத்தாள் கணவனிடம் திரும்பினாள். "ஒரு வார்த்த. அதச் சொன்னா உங்க வாயி வெந்தா போயிரும்? இருக்கறது இந்த ஒரு உசுரு."

"எங்கப்பன் சொன்னதில்ல."

"உங்கப்பனும் அந்தா வேலியோரந்தான் உக்காந்திருக்காரு. திரும்பிப் பாக்கறாரான்னு கேளுங்க."

ராக்கியண்ணன் பார்த்தார். ஆடுகளின் கோடியில், தலைப்பாகை கட்டிய ஒரு முதுகு இருந்தது. திரும்பவில்லை. ஆனால் கொஞ்சமும் கூனாமல் நேராக இருந்தது. ராக்கியண்ணனுக்கு அதில் பெருமையாகவே இருந்தது.

"மிச்சம் அது ஒண்ணுதானுங்க மச்சா," என்றார் ஒறம்பரை, முந்தானையைப் பார்க்காமல். கை காட்டும்வரை அவர் பார்ப்பதில்லை. அந்த மட்டில் ஒழுங்கானவர். "காட்டீருங்க. நானும் கெளம்போணும்."

ராக்கியண்ணன் கையை நீட்டினார்.

பாவாத்தாள் அசையவில்லை. குட்டி முந்தானையிலிருந்து தலையை நீட்டியது. கால்கள் குச்சி குச்சியாக இருந்தன. பால்பொடிப் பால் குடித்துக் குடித்து வயிறு மட்டும் ஊதியிருந்தது. ஒரு கண்ணில் பீளை. அவர் விரலைப் பால் புட்டி என்று நினைத்துச் சப்ப வந்தது.

விரல் பாதியில் நின்றது.

"என்னுங்க?" என்றார் ஒறம்பரை.

"இது உசத்தி இல்ல."

"அப்ப எதுங்க உசத்தி?"

ராக்கியண்ணன் வேலியோரத்து முதுகுகளைப் பார்த்தார்.

"ராக்கியண்ணன் பட்டியில காட்டறதுக்கு ஒரு நல்ல உருப்படி இல்லீன்னு வெளிய போய்ச் சொல்லிக்கட்டுங்களா? சொன்னா நாலு பேரு நம்புவாங்க."

முள்ளில் காது நன்றாக விரிந்துகொண்டது. வேலிக்கு வெளியே டாக்டரின் காலடியும் நின்றது.

"சொல்லீருங்க," என்றாள் பாவாத்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "டாக்டரம்மா கிட்டச் சொல்லீருங்க மாமா. நா உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

ராக்கியண்ணன் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. சோற்றில் கிடந்த கல்லைப்போல் அதை நாக்கால் புரட்டிப் பார்த்தார். பிறகு விழுங்கிவிட்டார்.

தலைப்பாகையை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். வேட்டியை உதறிக் கட்டினார். நிமிர்ந்து நின்றார். நீட்டிய கையை அப்படியே மடக்கித் தன் நெஞ்சில் வைத்தார்.

"இந்தப் பட்டியில உசத்தி நாந்தான்," என்றார். "பாத்துக்கோ."

இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக ஒறம்பரை எழுந்து நின்றார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு பார்த்தார்.

ராக்கியண்ணன் துள்ளினார். அந்த வயதில் அந்த உயரத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. வேலிக்கு மேலே அவர் தலைப்பாகை தெரிந்ததாக டாக்டர் பிறகு சொன்னாள். விழுந்தார். கழுத்து பின்னால் வளைந்தது. கால்கள் நீந்தின. பிறகு எழுந்து, வேட்டியில் ஒட்டிய புழுக்கையைத் தட்டிவிட்டு, வேலியோரம் நடந்துபோய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேலி நீண்டு இடம் கொடுத்தது. முதுகு நேராக இருந்தது.

ஒறம்பரை ஓர் ஏப்பம் விட்டார். வாசலில் தொட்டித் தண்ணீரில் கை கழுவினார். சொல்லிக்கொள்ளாமல் படலைத் திறந்துகொண்டு போனார்.

பாவாத்தாள் இப்போது பட்டிக்காரியாகியிருந்தாள். சத்தம் போடவில்லை. "எங்க பட்டியில சீக்குங்க," என்றாள்.

"அட, இங்கதான் இருக்குது படல்!" என்றபடி டாக்டர் மேகலை உள்ளே வந்தாள். நெடுநேரம் சுற்றியதில் அவள் செருப்பு தேய்ந்து வார் மட்டும் மிஞ்சியிருந்தது. பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தாள். குட்டியின் தொடையிடுக்குத் தோலைத் தூக்கிப் பிடித்துப் போட்டாள். குட்டி கத்தியது. பாவாத்தாள் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டாள்.

"டாக்டரம்மா."

"சொல்லுங்க்கா."

"அந்த மனுசனுக்கும் ஒண்ணு போட முடியுங்களா?"

டாக்டர் வேலியோரத்து முதுகைப் பார்த்தாள். "மழைக்கு முன்னாடியே போட்டிருக்கோணுங்க்கா," என்றாள்.

காது முள்ளிலிருந்து கழன்று விழுந்து, உருண்டு, ஊர்ப்பக்கம் போனது.

ராக்கியண்ணன் சீக்கில் போனார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சீக்கு வந்ததில்லை. துள்ளினார். அவ்வளவுதான்.