விற்க மறுத்தவர்

அப்பாவின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. மகள் ஜன்னல் வழியே பார்த்தாள். பெரிய சோப்புக் கம்பெனியின் மேலாளர் மலர்வளையத்தோடு இறங்கினார்.

கூடத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழிவிட்டார்கள். எல்லோரும் சின்னதாகச் சோப்புப் பட்டறை வைத்திருப்பவர்கள். அந்தக் கம்பெனி பட்டறை பட்டறையாக ஏறி விலை பேசியபோது, அப்பாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு விற்காமல் நின்றவர்கள்.

"இவனுக்கு இங்க என்ன வேலை?" என்று முணுமுணுத்தார் நுரை மாமா. எவ்வளவு தேய்த்தாலும் அவர் சோப்பு நுரைக்காது. அதனால் வந்த பெயர்.

மகளுக்கு உள்ளூரப் பெருமிதமாக இருந்தது. எதிரியே வந்து கும்பிடும்படி வாழ்ந்துவிட்டார் அப்பா.

மேலாளர் வளையத்தை வைத்துவிட்டு அண்ணனைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனார். தண்ணீர் எடுக்கப் போனவளுக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"இப்ப பேசக் கூடாதுதான். மிஷினை எடுக்க அடுத்த வாரம் ஆள் அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க சார்."

கார் கிளம்பியதும் அண்ணனை மறித்தாள். "எந்த மிஷின்?"

"நம்மளதுதான்." அவன் தரையைப் பார்த்தான். "போன வருஷம் நோய் தெரிஞ்சதுமே அப்பா பட்டறையையே அவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டாரு. அவர் இருக்கிற வரைக்கும் ஓட்டிக்கலாம்னு பேச்சு."

"அப்பதானே யாரும் விக்கக் கூடாதுன்னு சொல்ல என்னை வீடு வீடா அனுப்பினாரு?"

"அவங்களுக்கு ஒரு பட்டறை போதும். பத்திரம் முடியறதுக்குள்ள வேற யாராவது முந்திக்கிட்டா? நீ பேசினா எல்லாரும் கேப்பாங்கன்னு அப்பாதான் சொன்னாரு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவன் உள்ளறைப் பக்கம் திரும்பினான். திறந்திருந்த கதவு வழியே அம்மா தெரிந்தாள். மகள் பாதியில் விட்டுவிட்டு வந்த அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தவள் ஒரு கணம் நிமிர்ந்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"தெரிஞ்சா உன்னால அப்படிப் பேசியிருக்க முடியுமா?"

போன வருஷம் அவள் போனபோது, நுரை மாமா பட்டறையை விற்கக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். முழங்கால் வலியில் அவரால் சோப்புக் காய்ச்சும் கொப்பரை முன் நிற்க முடியாமல் போயிருந்தது. அவள் ஒரு மதியம் முழுக்கப் பேசினாள். கடைசியில், "நீ சொன்னா சரிம்மா" என்று பேனாவை மூடிவிட்டார்.

இப்போது அவரே நொண்டிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"மனசை விட்டுராதம்மா. அப்பா இடத்துல இனி நீ நில்லு. நாங்க இருக்கோம்."

"மாமா, கொஞ்சம் பட்டறைக்கு வாங்க. உங்ககிட்ட பேசணும்."

பின்புறக் கொட்டகையில், நேற்று வெட்டிய சோப்புக் கட்டிகள் பலகைகளில் காய்ந்துகொண்டிருந்தன. "மாமா, போன வருஷம் விக்க வேண்டாம்னு நான் சொன்னேனே..." என்று ஆரம்பித்தாள்.

"நிதானமா சொல்லும்மா," என்றார் அவர். சும்மா நிற்க முடியாமல், அடிப்பக்கமும் காயட்டும் என்று ஒவ்வொரு கட்டியாகப் புரட்டி வைக்கத் தொடங்கினார்.